நூறாண்டு வீட்டுக்குப் புதுச் சாயம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் இங்கே பேச வந்ததற்குக் கிள்ளானில் இருக்கும் ஒரு தந்தைதான் காரணம். எனக்கு அறிமுகமானவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். மகளும் மருமகனும் லண்டனில் வேலை செய்கிறார்கள். பல வருடங்களாக வாடகை வீடு. பேரனுக்கு நான்கு வயதாகிறது. அவன் பள்ளியில் சேரும் முன் சொந்த வீடு பார்த்துவிட வேண்டும் என்று பிள்ளைகள் துடிக்கிறார்கள். ஒரு விளம்பரத்தை அப்பாவுக்கு அனுப்பி வைத்திருந்தார்கள். "விக்டோரியா காலத்துக் குடும்ப வீடு. முழுவதும் நவீனப்படுத்தப்பட்டது. நான்கு படுக்கையறைகள். கலகலப்பான வட்டாரம்." கூடவே அழகழகான படங்கள்.

அவர் என்னிடம் கேட்டது இரண்டே கேள்விகள். "இபிஎஃப் பணத்தில் ஒரு பங்கு போடப் போகிறேன். இந்த வீட்டை நம்பி வாங்கலாமா? பத்திரத்தில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளட்டுமா?"

கேள்வி அவருடையது மட்டுமல்ல. லண்டனில் பிள்ளைகளைப் படிக்க வைத்து, அவர்கள் அங்கேயே வேலையும் தேடிக்கொண்ட குடும்பங்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஏராளம். அதனால் பொதுவில் பேசுவது பயன்படும் என்று நினைத்தேன்.

முதலில், விக்டோரியா காலத்து வீடு என்பது என்ன? விக்டோரியா மகாராணி ஆட்சி செய்தது 1837 முதல் 1901 வரை. அந்தக் காலத்தில் கட்டிய வீடு, அவ்வளவுதான். லண்டனில் அவை பெரும்பாலும் வரிசை வீடுகள். நம் தாமான்களில் இருக்கும் இரட்டை மாடி டெரஸ் வீட்டின் பாட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு கூடம், அதற்குப் பின்னால் இன்னொரு கூடம், வீட்டின் பின்புறம் ஒடுங்கிய சமையல்கட்டு, மேலே படுக்கையறைகள். அறைக்கு ஒரு கணப்பு அடுப்பு. தெருப் பக்கம் வெளியே புடைத்து நிற்கும் பெரிய சன்னல். அந்தச் சன்னலுக்கும் ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் கண்ணாடிக்கும் செங்கல்லுக்கும் சன்னலுக்கும்கூட வரி விதித்திருந்தார்கள். கண்ணாடி வரி 1845இலும், செங்கல் வரி 1850இலும், சன்னல் வரி 1851இலும் ஒழிந்தன. வரி போனதும் நடுத்தரக் குடும்பத்துக்கும் பெரிய சன்னல் வைக்கும் வசதி வந்தது. இன்று வீட்டு முகவர்கள் முதல் படமாகப் போடுவது அந்தச் சன்னலைத்தான்!

பிள்ளைகள் பார்த்த வீடு கிழக்கு லண்டனில் பாரஸ்ட் கேட் வட்டாரத்தில் இருக்கிறது. அங்கே உட்கிரேஞ்ச் எஸ்டேட் என்று ஒரு குடியிருப்பு உண்டு. எஸ்டேட் என்றதும் நமக்கு ரப்பர் மரம் நினைவுக்கு வரும். அங்கே அது வீட்டு மனைத் திட்டம். 1877இல் கோர்பெட் குடும்பத்தார் தொடங்கியது. வாசலுக்கு மேல் இரும்பும் கண்ணாடியுமாகப் பந்தல் போட்ட வீடுகளை இன்றும் அங்கே பார்க்கலாம். அந்த இடம் பாதுகாப்பு வட்டாரம். சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாக் கடைவீடுகளுக்கு 1989 முதல் இருக்கும் பாதுகாப்பைப் போன்றது என்றால் உடனே புரியும். வீடு உங்களுடையதுதான், ஆனால் கூரையை உயர்த்துவதற்கு அனுமதி வேண்டும். தோட்டத்தில் ஓரளவு பருத்த மரத்தை வெட்டுவதற்குக்கூட ஆறு வாரத்துக்கு முன்பே வட்டார மன்றத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.

'கலகலப்பான வட்டாரம்' என்று போட்டது பொய்யில்லை. வடக்கே நடந்தால் வான்ஸ்டெட் பிளாட்ஸ் என்னும் பரந்த புல்வெளி. தெற்கே கிரீன் ஸ்திரீட்டில் புடவைக் கடையும் நகைக் கடையும் வரிசையாக இருக்கும். பக்கத்து வட்டாரமான மேனர் பார்க்கில் முருகன் கோயில். ஈஸ்ட் ஹாம் பக்கம் போனால் இலங்கைத் தமிழர் கடைகளில் முருங்கைக்காயும் கிடைக்கும். 2022 நவம்பர் முதல் எலிசபெத் ரயிலில் ஏறினால் வண்டி மாறாமல் நகர மையத்துக்கே போய்விடலாம். சிறு பிள்ளை இருக்கும் குடும்பத்துக்கு இதெல்லாம் பெரிய வசதி. ஆனாலும் வீடு பார்க்கப் போவதை ஞாயிற்றுக்கிழமைக் காலையோடு நிறுத்தாமல், வெள்ளிக்கிழமை இரவும் ஒரு நடை போய்வரச் சொன்னேன். கலகலப்பு இரவு பன்னிரண்டு மணிக்கு எப்படி ஒலிக்கிறது என்பது விளம்பரத்தில் வராது.

சுவர் மூச்சு விடும் வீடு

இனி வீட்டுக்குள் போவோம். என்னைக் கேட்டால், 'நவீனப்படுத்தப்பட்டது' என்ற சொல்லைப் பார்த்ததும்தான் ஒருவர் எச்சரிக்கையாக வேண்டும். அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் ஒரு வரையறையும் கிடையாது. முழு வீட்டுக்கும் மின்கம்பி மாற்றியவரும் அதைப் போடலாம். சமையல்கட்டில் புது அலமாரி மாட்டி, சுவருக்கு வெள்ளைச் சாயம் அடித்தவரும் போடலாம்.

இன்றைய இங்கிலாந்து வீட்டுக்கு இரண்டு அடுக்குச் சுவர், நடுவில் இடைவெளி. பழைய வீட்டுக்கு அப்படி இல்லை. பெரும்பாலும் ஒன்பது அங்குலத் திண்ணமான செங்கற்சுவர், சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியது. மழை பெய்தால் சுவர் கொஞ்சம் ஈரம் குடிக்கும். வெயிலும் காற்றும் வந்தால் அந்த ஈரத்தைச் சுண்ணாம்பு வழியாக வெளியே விடும். தரைத் தளமும் அப்படித்தான். மண்ணுக்கு மேல் இடைவெளி விட்டு மரச் சட்டங்களின் மேல் பலகை அடித்திருப்பார்கள். அந்த இடைவெளிக்குள் காற்று போய்வர, வெளிச் சுவரின் அடியில் துளை வைத்த செங்கற்களைப் பதித்திருப்பார்கள். கணப்பு அடுப்பின் புகைபோக்கிகளும் வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்றை மேலே இழுத்துவிடும். ஆக, மூச்சு விடுவதற்கென்றே கட்டிய வீடு அது.

நவீனப்படுத்துகிறவர் என்ன செய்கிறார்? செங்கல் இடுக்கில் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுச் சிமெண்டைப் பூசுகிறார். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஈரம் சாந்து வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியாகவே வெளியேறும். குளிரில் அது உறைந்து, செங்கல்லின் முகம் உதிரும். பின்வாசலில் அழகுக்காகக் கல் தளம் போட்டு உயர்த்துகிறார். காற்றுத் துளைகள் தளத்துக்கு அடியில் மறைந்துவிடும். நாலைந்து வருடத்தில் தரைச் சட்டங்களின் நுனி உளுத்துப்போகத் தொடங்கும். கணப்பு அடுப்பை அடைத்துச் சமமாகப் பூசுகிறார். ஒரு சிறு காற்றுத் துளைகூட விடுவதில்லை. உள்ளே ஈரக்கறை தெரிந்தால் அதன் மேல் ஒரு பூச்சு, அதன் மேல் ஒரு சாயம். வாங்குகிறவர் பார்க்கும் நாளில் வீடு மணப்பெண் மாதிரி இருக்கும்.

பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பழைய கடைவீடு வைத்திருக்கிறவர்களுக்கு இது புதுச் செய்தியல்ல. அங்கேயும் சுண்ணாம்புச் சுவர்தான். அதன் மேல் பிளாஸ்டிக் சாயம் அடித்தால் ஒரே மழைக்காலத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்துவிடும்.

நம் வீட்டுப் பெண்களுக்காக இன்னொரு விஷயம். ஆண்களும் சமைக்கிறார்கள், அவர்களுக்கும்தான். நாம் இட்லி அவிக்கிறோம், சாம்பார் கொதிக்க வைக்கிறோம். குளிர்காலத்தில் சன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். அந்த நீராவி போய்க் குளிர்ந்த சுவரில் படிந்து கரும்பூஞ்சையாக மாறும். பூஞ்சை சிறு பிள்ளைகளின் மூச்சுக்கு ஆகாது. எனவே அடுப்புக்கு மேல் இருக்கும் காற்றிழுப்பான் வெளிச் சுவரைத் தாண்டிப் போகிறதா, அல்லது இழுத்த காற்றை வடிகட்டி அறைக்குள்ளேயே விடுகிறதா என்று பார்க்க வேண்டும். புதுச் சமையல்கட்டுகளில் இரண்டாவது வகைதான் அடிக்கடி கண்ணில் படுகிறது. வாசனை கொஞ்சம் போகும், ஈரம் போகாது.

நான்கா, மூன்றா?

அடுத்து, சுவரை எடுத்த இடம். விளம்பரத்தில் தரைத் தளம் ஒரே பெரிய கூடமாக இருந்தது. அதாவது, முன் கூடத்துக்கும் பின் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவரை உடைத்திருக்கிறார்கள். மாடியின் பாரத்தைத் தாங்கிய சுவராக அது இருந்திருக்கலாம். அதை எடுத்தால் அந்த இடத்தில் இரும்பு பீம் வைக்க வேண்டும். எந்த அளவு பீம் என்று பொறியாளர் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். புகைபோக்கியைக் கீழே உடைத்து எடுத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். மேலே மிச்சமிருக்கும் செங்கல் பாரம் எதன் மேல் நிற்கிறது? சில வீடுகளில் அது நிற்பதற்கு ஒன்றுமே இல்லை என்பதைக் கூரைக்குள் ஏறிப் பார்த்தால்தான் தெரியும். பக்கத்து வீட்டோடு பொதுவாக இருக்கும் சுவரில் இந்த வேலை நடந்திருந்தால், 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி அண்டை வீட்டாருக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவித்திருக்க வேண்டும்.

என்னை அதிகம் கவலைப்பட வைத்தது நான்காவது படுக்கையறை. அது கூரைக்கு அடியில் எடுத்த அறை. "அங்கேதான் பேரனுக்கு அறை. வானம் தெரியும் சன்னல் இருக்கிறது" என்று மகள் ஆசையோடு சொன்னாராம்.

இரண்டு மாடி வீட்டில் மூன்றாவதாக ஒரு தளம் எடுத்தால், கட்டட விதிகளின்படி தீ விபத்துக்கான வழி இருந்தே ஆக வேண்டும். மேல் அறையிலிருந்து தெருக்கதவு வரை இறங்கும் படிக்கட்டு, தீயையும் புகையையும் தடுக்கும் சுவரும் கதவும் சூழ்ந்த ஒரு வழியாக இருக்க வேண்டும். பழைய அமைப்பில் அது இயல்பாகவே இருந்தது. படிக்கட்டு நடைக்கூடத்தில் இறங்கும், அறைகளுக்குத் தனித்தனிக் கதவு. கீழே எல்லாச் சுவரையும் உடைத்துவிட்டால் என்ன ஆகும்? படிக்கட்டு நேராகக் கூடத்துக்குள்ளேயே இறங்கும். அந்தக் கூடத்தின் ஓரத்தில் அடுப்பு. இரவில் அங்கே தீப்பிடித்தால், மேலே தூங்கும் பிள்ளை புகைக்குள் இறங்கித்தான் வெளியே வர வேண்டும். தண்ணீர் தெளிக்கும் கருவி போன்ற மாற்று ஏற்பாடுகளோடு அப்படிக் கட்ட விதிகள் இடம் தருகின்றன. ஆனால் அந்த ஏற்பாடு உண்மையில் இருக்கிறதா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சொல்லக்கூடியது ஒரே ஒரு தாள்: வேலை முடிந்ததற்கான கட்டட விதிச் சான்றிதழ். கூரை அறைக்கு ஒன்று, சுவர் எடுத்ததற்கு ஒன்று. அந்தத் தாள் இல்லையென்றால் அதைப் படுக்கையறை என்று எண்ணிக் காசு கொடுக்கக் கூடாது. பொருள் வைக்கும் இடம் என்று எண்ணிக்கொள்ளலாம். நான்கு அறை வீடு மூன்று அறை வீடாகிவிடும். விலையும் அதற்கேற்பப் பேசப்பட வேண்டும். பாதுகாப்பு வட்டாரமாக இருந்து கூரையின் வடிவத்தையும் மாற்றியிருந்தால், திட்ட அனுமதியும் தனியாக வேண்டும். பலர் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறார்கள். திட்ட அனுமதி வெளித் தோற்றத்தையும் பயன்பாட்டையும் பற்றியது. கட்டடச் சான்றிதழ் உயிர்ப் பாதுகாப்பைப் பற்றியது. ஒன்று இருந்தால் மற்றது இருக்கிறது என்று பொருளில்லை.

சான்றிதழ் கேட்டால் விற்பவர் தரப்பில் அடிக்கடி ஒரு பதில் வரும். "தாள் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு காப்புறுதி எடுத்துத் தருகிறோம்." செலவும் குறைவு, வழக்கறிஞர்களுக்கும் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அந்தக் காப்புறுதி எதற்கு? வட்டார மன்றம் நடவடிக்கை எடுத்தால் வரும் செலவுக்கு. பீம் வளைந்தால் அது வந்து தாங்காது. தீப்பிடித்தால் கதவாக நிற்காது. 1985 நவம்பருக்குப் பிறகு அனுமதியில்லாமல் செய்த வேலைகளுக்கு, பின்னாளில் மன்றத்திடம் விண்ணப்பித்துச் சோதனை செய்ய வைத்து, சீராக்கச் சான்றிதழ் வாங்க வழி உண்டு. பூச்சைக் கொஞ்சம் உடைத்துக் காட்டச் சொல்வார்கள், தொல்லைதான். அதை விற்பவர் தம் செலவில் முடித்துக் கொடுக்கட்டும்.

இவற்றோடு மின்கம்பி, எரிவாயுக் கொதிகலன், மாற்றிய சன்னல் ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் கேட்கலாம். தெருவிலிருந்து வரும் தண்ணீர்க் குழாய் ஈயமா என்றும் பார்க்க வேண்டும். 1970க்கு முன் ஈயக் குழாய் சர்வ சாதாரணம். வீட்டுக்குள் புதுக் குழாய் மின்னும்; வாசலுக்கு வெளியே பழைய ஈயம் அப்படியே கிடக்கும்.

இத்தனையையும் நாம் போய்த் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கடன் கொடுக்கும் வங்கி ஒருவரை அனுப்பும். அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்கு ஈடு இருக்கிறதா என்று மட்டும்தான். அதைப் பார்த்துவிட்டு 'வங்கியே ஒப்புக்கொண்டது' என்று நிம்மதி அடைகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நமக்காகத் தனியாக ஒரு கட்டடச் சர்வேயரை அமர்த்த வேண்டும். அங்கே அந்த ஆய்வை மூன்று நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். பழைய வீட்டுக்கும், இடித்துக் கட்டிய வீட்டுக்கும் மூன்றாம் நிலைதான் பொருத்தம். சுண்ணாம்புச் சுவர் பற்றித் தெரிந்தவராகவும் அவர் இருப்பது நல்லது. ஈரமானியைச் சுவரில் வைத்துவிட்டு, "மருந்து ஊசி போட வேண்டும்" என்று சொல்லும் நபர், பெரும்பாலும் அந்த மருந்தை விற்கிறவராகவே இருப்பார்.

அப்பாவின் பெயர்

இப்போது அவருடைய இரண்டாவது கேள்வி. பெயரைச் சேர்க்கலாமா? நம்மில் பலருக்கு இது உணர்ச்சியைத் தொடும் விஷயம். பணம் போட்டவர் பெயர் கிராண்டில் இருக்க வேண்டும் என்பது நம் பழக்கம். தவறில்லை. ஆனால் அங்கே அதற்கு ஒரு விலை உண்டு.

கணக்குக்காக வீட்டு விலை 8 லட்சம் பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் முதல் உள்ள முத்திரை வரிப்படி, முதல் 1,25,000 பவுண்டுக்கு வரி இல்லை. அடுத்த 1,25,000க்கு 2 விழுக்காடு, அதாவது 2,500 பவுண்டு. மீதி 5,50,000க்கு 5 விழுக்காடு, 27,500 பவுண்டு. மொத்தம் 30,000. மகளும் மருமகனும் மட்டும் வாங்கினால், அவர்களுக்கு வேறு எங்கும் வீடு இல்லையென்றால், அங்கேயே வசிப்பவர்களாகவும் இருந்தால், கட்ட வேண்டியது இவ்வளவுதான். முதல் வீடு வாங்குவோருக்கு ஒரு சலுகை உண்டு. வீட்டு விலை 5 லட்சத்தைத் தாண்டினால் அது கிடைக்காது.

அப்பாவின் பெயரைச் சேர்த்தால்? அவருக்குக் கிள்ளானில் சொந்த வீடு இருக்கிறது. உலகத்தில் எந்த மூலையில் வீடு இருந்தாலும் அங்கே அது கணக்கில் வரும். எனவே கூடுதல் வீட்டுக்கான மேல்வரி சேரும். 2024 அக்டோபர் 31 முதல் அது 5 விழுக்காடு. அவர் அந்த நாட்டில் வசிப்பவரும் அல்ல. அதற்கு 2021 ஏப்ரல் முதல் 2 விழுக்காடு. இந்த 7 விழுக்காடும் அவருடைய பங்குக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் விழும். 56,000 பவுண்டு. ஆக மொத்தம் 86,000!

நான் எழுதிக் காட்டியதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "என் பெயரை எழுதுவதற்கு 56 ஆயிரம் பவுண்டா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் பணத்தை அன்பளிப்பாகக் கொடுக்கலாம். அதற்கு வங்கி ஒரு கடிதம் கேட்கும்: இது கடனல்ல, வீட்டில் எனக்கு உரிமை இல்லை என்று. அதில் கையெழுத்துப் போட மனம் வர வேண்டும். பிறகு, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று வழக்கறிஞர் கேட்பார். இபிஎஃப் அறிக்கை, வங்கிக் கணக்கு எல்லாம் காட்ட வேண்டும். சீட்டுப் பணம், உறவுக்காரர் கையில் கொடுத்த பணம் என்றெல்லாம் சொன்னால் அங்கே செல்லாது. எழுத்தில் இருக்க வேண்டும். உரிமை வேண்டாம், கொடுத்ததைத் திருப்பித் தந்தால் போதும் என்று நினைப்பவர் அதை முன்கூட்டியே வங்கியிடமும் வழக்கறிஞரிடமும் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் பொய்ச் சாட்சியாகிவிடும். குடும்பத்துக்குள் ஒரு நாள் உட்கார்ந்து, மருமகனையும் வைத்துக்கொண்டு, இதைப் பேசித் தீர்ப்பதுதான் சரி. பிற்பாடு மனக்கசப்பு வந்தால் வீடும் போய் உறவும் போகும்.

அவசரப்பட வேண்டாம் என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கிலாந்தில் விலை பேசி ஒப்புக்கொண்டதோடு வீடு கைக்கு வந்துவிடாது. இரு தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அதை மாற்றிக்கொள்ளும் நாள் வரை, விற்பவரும் விலகலாம், வாங்குபவரும் விலகலாம். வேறொருவர் கூடுதலாகக் கொடுத்துத் தட்டிப் பறிப்பதும் நடக்கும். நம் ஊரில் முன்பணம் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். ஆனால் அந்த இடைப்பட்ட வாரங்கள் வாங்குபவருக்கும் சாதகம்தான். சர்வேயரை அனுப்புவதும், சான்றிதழ் கேட்டு எழுதுவதும், விலையைத் திரும்பப் பேசுவதும் அப்போதுதான். ஒப்பந்தம் மாறிவிட்டால் வழக்கமாகப் பத்து விழுக்காடு கட்டியிருப்பீர்கள். அதன் பிறகு பின்வாங்கினால் அந்தப் பணம் போனதுதான்.

அந்தக் குடும்பம் இப்போது அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. சர்வேயர் வருவதற்கு நாள் குறித்தாகிவிட்டது. கூரை அறைக்கான சான்றிதழைக் கேட்டு மகளின் வழக்கறிஞர் எழுதியிருக்கிறார். விற்பவர் தரப்பிலிருந்து, நான் இங்கே பேச வரும் வரை, பதில் வரவில்லை.